நெருப்புக் காட்டாத சோப்பு

பூங்கோதை வீட்டுத் தையல் மிஷின் மேல் டி.வி. உட்கார்ந்திருக்கிறது. காளான் வளர்க்கப் போட்ட கீற்றுக் கொட்டகையில் டி.வி.எஸ். வண்டி நிற்கிறது. அகர்பத்தி தேய்க்க வாங்கிய பலகையில் இப்போது சப்பாத்தி தேய்க்கிறார்கள். ஆறு மாத பியூட்டிஷியன் படிப்பை மூன்றாவது மாதத்தோடு விட்டதில் மிஞ்சியது புருவம் எடுக்கும் நூல்கண்டு ஒன்று. வெள்ளிக்கிழமைதோறும் அந்த நூலில்தான் அவள் பூக் கட்டிக்கொள்கிறாள்.

விருத்தாசலத்தில் செராமிக் தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருக்கிற அந்தத் தெருவில் அவளுக்கு ஆரம்பசூரப்புலி என்று பெயர். பெயர் வைத்தவள் வேறு யாருமில்லை, நாத்தனார் ஆதிலட்சுமி. இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கிறாள். தினமும் ஒரு தரமாவது வந்து, தண்ணீர் குடிக்கிற சாக்கில் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அண்ணி, இப்ப என்னா நடக்குது?" என்று கேட்டுவிட்டுப் போனால்தான் அவளுக்குச் சோறு இறங்கும்.

நியாயமாகப் பேசினால், பூங்கோதை விட்டதெல்லாம் அவளாக விட்டதில்லை. தைக்கக் கொடுக்கும்போது வாடிக்கையாளர்களாக இருந்தவர்கள், கூலி கேட்டதும் சொந்தக்காரர்களாகிவிட்டார்கள். காளானின் இரண்டாவது போகத்தைச் சித்திரை வெயில் தின்றது. பியூட்டிஷியன் சொல்லிக்கொடுத்த பெண் கல்யாணமாகி சிங்கப்பூருக்குப் பறந்துவிட்டாள். ஆனால் ஒவ்வொரு தடவையும் காரணம் சொல்லிக்கொண்டிருந்தால் நமக்கே நம்மேல் சந்தேகம் வந்துவிடுகிறது. பூங்கோதைக்கும் வந்துவிட்டது. நாற்பத்திரண்டு வயதில், சோப்புக்கென்று எடை மிஷின் வாங்கிய அன்று, சாமி படத்துக்கு முன்னால் நின்று அவள் ஒரு முடிவு எடுத்தாள். இதுவும் பாதியில் நின்றால் இனி இந்த ஜென்மத்தில் எதையும் ஆரம்பிப்பதில்லை. சோறாக்கினோம், துணி துவைத்தோம், சீரியல் பார்த்தோம் என்று இருந்துவிடுவது.

அவளுடைய வீட்டுக்காரர் கொளஞ்சிநாதன், பொம்மை செய்யும் செராமிக் யூனிட் ஒன்றில் இருபத்துநாலு வருஷமாக அச்சு எடுக்கிறவர். பிள்ளையார், யானை, ஊதுபத்தி ஸ்டாண்டு, எதைக் காட்டினாலும் அதற்கு அச்சு எடுத்துவிடுவார். நல்ல மனுஷன். ஒரே ஒரு குறை, அவருக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் கிடையாது. ஜி.எஸ்.டி. கேளுங்கள், சொல்வார். மூட்டுவலிக்கு மருந்து கேளுங்கள், சொல்வார். சந்திரனுக்கு ராக்கெட் போனபோது, அது இறங்க வேண்டிய இடத்தை டீக்கடையில் வைத்து அவர்தான் முடிவு செய்தார். 'தெரியாது' என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து பூங்கோதை கேட்டதே இல்லை. அதையெல்லாம் அவள் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. ஏனென்றால், தெருவே அவளைக் கேலி செய்தபோதும் அவர் மட்டும் ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. தையல் மிஷின் மேல் டி.வி.யைத் தூக்கி வைத்தபோதுகூட, "உசரம் சரியா இருக்குது" என்றுதான் சொன்னார்.

சோப்பு செய்வதை அவள் போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டாள். முதல் தடவை காஸ்டிக் சோடாவை அலுமினிய அன்னக்கூடையில் கரைத்து, அது நுரைத்துக்கொண்டு கறுத்துப்போய், தாய் வீட்டுச் சீரில் வந்த பாத்திரம் சல்லடையாகிவிட்டது. அதற்குப் பிறகு எவர்சில்வர்தான். கையுறை, கண்ணாடி, அளவு எல்லாம் சுத்தமாக வந்துவிட்டது. தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய், கொஞ்சம் விளக்கெண்ணெய். இவற்றை ஒன்றாகக் கலந்து, ஆறின காஸ்டிக் தண்ணீரை ஊற்றிக் கடைந்தால், தோசை மாவுப் பதத்துக்கு வரும். வெட்டிவேர்த் தூளோ ஆவாரம்பூப் பொடியோ போட்டு, எண்ணெய்க் காகிதம் விரித்த மரப்பெட்டியில் ஊற்றி, போர்வை போர்த்தி வைத்துவிட வேண்டும். மறுநாள் அல்வா மாதிரி வெட்டலாம். வெட்டினதைத் தட்டில் அடுக்கி, நாற்பது நாள் காற்றாட விட வேண்டும். நாற்பதாம் நாள் அது கெட்டிப்பட்டு, தோலுக்குப் பதமாக, சோப்பு என்று சொல்ல லாயக்கானதாகிறது.

இதில் அடுப்பே கிடையாது. அந்தத் தெருவுக்குப் பிடிபடாத விஷயமும் இதுதான்.

மண்ணை ஆயிரத்துச் சொச்சம் டிகிரியில் சுட்டு எடுத்தால்தான் அதைப் பொருள் என்று ஒப்புக்கொள்கிற ஊர் அது. சூளைக்குப் போகாத பொம்மைக்கு அங்கே பச்சை என்று பெயர். பச்சையைக் கையில் எடுத்தால் கீறல் விழும், தண்ணீர் பட்டால் கரைந்துபோகும். சூளைக்குப் போய்வந்த பிறகுதான் அதற்கு மரியாதை. அப்படிப்பட்ட தெருவில் ஒருத்தி தீக்குச்சியே கிழிக்காமல் சோப்பு செய்கிறேன் என்றால் யார் நம்புவார்கள்?

"நெருப்பே காட்டலேன்னா அது எப்புடி அண்ணி வேவும்?" என்று ஆதிலட்சுமி கேட்டாள்.

"அது வேவ வேணாம். சும்மா இருந்தாலே போதும்."

"சும்மா இருந்தா சோப்பாயிடுமா? அப்ப எங்க வூட்டுக்காரரு எப்பவோ சோப்பாயிருக்கணுமே!"

கொளஞ்சிநாதன் சிரித்துக்கொண்டார். ஆனால் தட்டிலிருந்த ஒரு சோப்பை எடுத்து, பொம்மையைத் தட்டிப் பார்க்கிற மாதிரி விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். சத்தம் வரவில்லை. பழைய இடத்திலேயே வைத்துவிட்டார். அவள் சோப்பு கடைகிற நேரமெல்லாம் அவர் யூனிட்டில் இருப்பார். செய்வதை அவர் ஒரு தடவையும் பார்த்ததில்லை.

ஆனி மாதம் மகளிர் குழுக் கண்காட்சியில் ஒரு மேசை போட்டு விற்றபோதுதான் ஜுலைகா அக்கா வந்தார். மங்கலம்பேட்டைக்காரர். வீட்டுக்காரர் குவைத்தில் இருக்கிறார். வாசனை சோப்பு பெட்டி பெட்டியாக வந்திறங்குகிற வீடு. அவர் இரண்டு வெட்டிவேர் சோப்பு வாங்கிக்கொண்டு போனார். பத்தாம் நாள் போன் வந்தது. ஆகஸ்டு இருபத்துநாலு மகளுக்கு நிக்காஹ். வருகிற பெண்களுக்கெல்லாம் பையில் போட்டுக்கொடுக்க நூற்றைம்பது சோப்பு வேண்டும்.

"அக்கா, நெசமாவா?" என்றாள் பூங்கோதை.

"பொய்யிக்கா போன் பண்றாங்க? குவைத்து சோப்பு எல்லார் வூட்டுலயும் இருக்குதும்மா. இது இல்ல."

பூங்கோதை காலண்டரைப் பார்த்தாள். ஜூலை பத்துக்குள் எல்லாவற்றையும் கடைந்து ஊற்றிவிட்டால், நாற்பது நாள் கழித்துக் காகிதம் சுற்றுவதற்கு நாலைந்து நாள் மிஞ்சும். சரியாக இருந்தது. ஐந்தே நாளில் ஐந்து ஈடு ஊற்றி, வெட்டி, பின்பக்க அறையில் கட்டில் மேல், பெஞ்சு மேல், அலமாரி மேல் எல்லாம் அடுக்கி வைத்தாள். படுக்க இடமில்லாமல் புருஷனும் பெண்டாட்டியும் கூடத்துக்கு மாறினார்கள். கதவைத் திறந்தால் வெட்டிவேர் வாசனை தெருமுனை வரை வந்தது.

இருபதாம் நாள் திட்டக்குடியில் தம்பி வீட்டுக் காதுகுத்து. பூங்கோதை காலை பஸ்ஸுக்குக் கிளம்பினாள். அதற்கு முன்னால் இரண்டு நாளாகத் தூறல். சோப்புகளின் மேல் லேசாக வேர்த்திருந்தது. மழை ஈரத்துக்கு அப்படித்தான் வேர்க்கும், தானாக அடங்கும் என்று அவளுக்குத் தெரியும். வீட்டுக்காரருக்குத் தெரியாது. ஆனால் அவருக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் கிடையாது என்று முன்னமே சொல்லியிருக்கிறேன்.

அவள் போன கொஞ்ச நேரத்தில் ஆதிலட்சுமி வந்தாள். தண்ணீர் குடித்தாள். பின்பக்க அறையை எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, என்னா இது இப்புடி வேர்த்துக் கெடக்குது? இது காயவே இல்லியே. கல்யாண வூட்டுல போயி வழிஞ்சிடுச்சின்னா மங்கலம்பேட்டை முழுக்க நம்ம பேரு நாறும். பாவம், அண்ணி இதுலயும் தோத்துட்டா மனசே வுட்டுடும்."

இதில் கடைசி வாக்கியம் மட்டும் உண்மை. அதுதான் கொளஞ்சிநாதனைக் குத்தியது. அவர் ஒரு சோப்பைக் கட்டை விரலால் அழுத்தினார். லேசாகக் குழி விழுந்தது. "பச்சையா இருக்குது" என்றார்.

அப்புறம் அவர் செய்த காரியத்தைச் சூளைக்காரரைத் தவிர வேறு யாரும் செய்திருக்க முடியாது. சோப்பையெல்லாம் தட்டுத் தட்டாக அடுக்கி, கோணி போட்டு மூடி, டி.வி.எஸ். வண்டியில் மூன்று நடையாக யூனிட்டுக்குக் கொண்டுபோனார். அங்கே சூளையை ஒட்டி இரும்பு அடுக்கு ஒன்று உண்டு. சுடுவதற்கு முன்னால் பொம்மைகளை உலர்த்துகிற இடம். சூளையின் வெக்கை அங்கே அடித்துக்கொண்டே இருக்கும். மேல்தட்டில் நூற்றைம்பது சோப்பையும் வைத்தார். நாலு மணி நேரம் போதும், பூங்கோதை சாயந்திரம் வருவதற்குள் எடுத்துக்கொண்டு போய்ப் பழையபடி அடுக்கிவிடலாம், தானாகக் கெட்டிப்பட்டது என்று அவளும் சந்தோஷப்படுவாள் என்று கணக்குப் போட்டார். பிறகு நிம்மதியாக யானைக்கு அச்சு எடுக்கப் போய்விட்டார்.

மத்தியானம் சாப்பிட்டு வந்து பார்த்தபோது மேல்தட்டில் சோப்பு என்று தனித்தனியாக எதுவும் இல்லை. எல்லாம் கூடிப்பேசி ஒன்றாகியிருந்தன. உருகி, கொப்புளித்து, ஓரத்தில் எண்ணெய் கக்கி, தட்டுச் சந்து வழியாகக் கீழ்த்தட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. கீழ்த்தட்டில் சூளைக்குக் காத்திருந்த முப்பது பிள்ளையார்களுக்கும் தலையோடு அபிஷேகம் ஆகிவிட்டது. வெட்டிவேர் வாசனையில் யூனிட்டே கோயில் மாதிரி மணத்தது. வேலை செய்கிற பெண்கள் வந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

பூங்கோதை நாலரை மணிக்கு வந்தாள். பின்பக்க அறை காலி. முதலில் திருடன் என்றுதான் நினைத்தாள். டி.வி.யை விட்டுவிட்டுச் சோப்பை மட்டும் எடுத்துப்போகிற அளவுக்குச் சுத்தக்காரத் திருடன் யார் என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே வண்டிச் சத்தம் கேட்டது. வீட்டுக்காரர் கோணியால் மூடிய ஒரு தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். நடையைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

கோணியை விலக்கினாள். பழுப்பும் மஞ்சளுமாக ஒரே கட்டி.

"கோதை, காயவெக்கத்தான்…" என்று ஆரம்பித்தார் அவர்.

"எங்க வெச்சீங்க?"

"சூளையாண்ட."

"எல்லாத்தையுமா?"

"பாதி வெச்சா பாதி பச்சையா நிக்குமேன்னு…"

பூங்கோதை கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்குத் தேவலாம்போல இருந்திருக்கும். தையல் மிஷினுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஊரே சிரிச்சிச்சு. உங்க தங்கச்சி பேரே வெச்சா. நான் அதையெல்லாம் காதுல போட்டுக்கல. ஏன் தெரியுமா? நீங்க ஒருத்தரு சொன்னதில்ல. இவரு நம்மள நம்பறாரு, அது போதும்னு இருந்தேன். இன்னிக்கி நீங்களும் சொல்லிட்டீங்க. வாயால சொல்லல, வண்டில ஏத்தி எடுத்துக்கிட்டுப் போயி சொல்லிட்டீங்க."

"நல்லதுக்குத்தான் செஞ்சேன்."

"தெரியும். அதான் வலிக்குது."

கொளஞ்சிநாதன் கட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கேயே நின்றார்.

கொஞ்ச நேரம் கழித்துப் பூங்கோதை எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நாளைக்குக் காலைல நான் மணவாளநல்லூர் போறேன்" என்றாள்.

"எதுக்கு?"

"கொளஞ்சியப்பருகிட்ட பிராது கட்ட. உங்க மேல."

அந்தப் பக்கத்தில் இது விளையாட்டுப் பேச்சில்லை. களவு போனாலும் கடன்காரன் ஏமாற்றினாலும், நடந்ததைச் சீட்டில் எழுதி மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் கட்டிவிட்டு வந்தால், சாமி விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் என்று நம்பிக்கை. கோர்ட்டுக்குப் பயப்படாதவர்கள்கூடப் பிராதுக்குப் பயப்படுவார்கள். கொளஞ்சிநாதனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"ஏ கோதை, எனக்கே அவரு பேரைத்தான் வெச்சிருக்குது!"

"அதான் அவருகிட்டயே சொல்லப்போறேன். உங்க பேரை வெச்சிக்கிட்டு இந்தாளு என்னா பண்றாரு பாருங்கன்னு."

அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. அவளும் சாப்பிடவில்லை. குழம்பு அப்படியே இருந்தது.

விடிந்ததும் ஆதிலட்சுமி வந்தாள். விஷயம் யூனிட்டிலிருந்து அவளுக்கு முன்னமே வந்துசேர்ந்திருந்தது. அவள் முகத்தில் கொஞ்சம் குற்ற உணர்ச்சியும் கொஞ்சம் ஆர்வமும் கலந்திருந்தன.

"அண்ணி, நடந்தது நடந்துபோச்சு. நான் ஒரு வழி சொல்றேன் கேளு. கடலூர்ல மொத்தக் கடையில பேரு போடாத சோப்பு கட்டுக்கட்டா விக்கிறான். வாங்கியாந்து உன் காயிதத்தச் சுத்திக் குடுத்துடு. குளிக்கிறவங்களுக்கு என்னா தெரியப்போவுது? ஆர்டரை முடிச்ச மாதிரியும் ஆச்சு."

பூங்கோதை உடனே வேண்டாம் என்று சொன்னாள் என்று எழுதினால் அது பொய். கையிலிருந்த டீ ஆறும் வரை யோசித்தாள். முடித்துவிடலாம். யாருக்கும் தெரியாது. நூற்றைம்பது சோப்பு நாளைக்கே வந்துவிடும். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றை முடித்தவள் ஆகிவிடலாம். ஆனால் எதை முடித்தவள்? காகிதம் சுற்றுவதையா? அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டீயைக் கொட்டிவிட்டுப் போனை எடுத்தாள்.

ஜுலைகா அக்காவிடம் நடந்தது நடந்தபடி சொன்னாள். அந்தப் பக்கம் விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தம்.

"சூளையிலயா வெச்சாரு? யா அல்லா! செங்கல்லுன்னு நெனச்சிட்டாரா?" சிரிப்பு அடங்கியதும் குரல் மாறியது. "அது இருக்கட்டும் பூங்கோதை. கல்யாணத்துக்கு இருவத்தஞ்சு நாளுதான் இருக்குது. பையில நான் என்னா போடறது?"

"சோப்பு குடுத்துடறேங்க்கா. இன்னிக்கே ஊத்த ஆரம்பிச்சா அஞ்சு நாள்ல முடிச்சிடுவேன். ஆனா நிக்காஹ் அன்னிக்கி அதுக்கு இருவது நாளுதான் ஆயிருக்கும். தொட்டா ஒண்ணும் பண்ணாது, ஆனா முத்தாத சோப்பு. அதனால செப்டம்பர் பதிமூணு வரைக்கும் பிரிக்காதீங்கன்னு ஒவ்வொண்ணு மேலயும் சீட்டு ஒட்டிடறேன்."

"விருந்துக்கு வந்தவங்ககிட்ட குடுத்துட்டு, இருவது நாளு தொடாதேன்னு சொல்லணுமா?"

"ஆமாங்க்கா."

"ஒரு மனுஷி கேக்க மாட்டா."

"கேக்காதவங்களுக்குச் சீக்கிரம் கரைஞ்சிடும். அவ்வளவுதான். பொய் சொல்லிக் குடுக்கறதுக்கு இது தேவலாங்க்கா."

ஜுலைகா அக்கா யோசித்தார்.

"சரி. ஆனா சீட்டுல உன் பேரையும் போன் நம்பரையும் போடு. திட்டறவங்க உன்னையே திட்டட்டும். கல்யாண வூட்டுல நான் யாருக்கும் பதில் சொல்ல முடியாது."

அன்றைக்குக் கொளஞ்சிநாதன் லீவு போட்டுவிட்டு வீட்டிலேயே இருந்தார். பிராது பயமா, வேறு ஏதாவதா என்று அவர் சொல்லவில்லை. "நான் என்னா செய்யணும்?" என்று மட்டும் கேட்டார்.

"தண்ணி எடுத்தாங்க. அப்பறம் தள்ளி நில்லுங்க."

கண்ணாடி, கையுறை போட்டுக்கொண்டு, பின்கட்டில் அவள் காஸ்டிக் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் போட்டுக் கரைத்தாள். புகை கிளம்பியது. அவர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர், பாத்திரத்தை நகர்த்தலாம் என்று வெளிப்பக்கம் கையை வைத்தார். சுரீரென்று இழுத்துக்கொண்டார்.

"சுடுது!"

"சுடத்தான் செய்யும்."

"அடுப்பே இல்லியே!"

"அடுப்பு எதுக்கு? அதும் சூடு அதுக்குள்ளயே இருக்குது. ஊத்தி மூடி வெச்சப்பறமும் ஒரு நாளு உள்ளயே சூடாவே கெடக்கும். போர்வை எதுக்குப் போத்தறேன்னு நெனச்சீங்க? அதுக்குக் குளிருதுன்னா?"

அவர் தன் விரலைப் பார்த்தார், பாத்திரத்தைப் பார்த்தார், அப்புறம் பூங்கோதையைப் பார்த்தார். இருபத்துநாலு வருஷம் நெருப்போடு பழகின மனுஷன். நெருப்பு இல்லாத சூட்டை அன்றைக்குத்தான் பார்க்கிறார். அன்று முழுக்க அவர் எந்தக் கருத்தும் சொல்லவில்லை. கடையச் சொன்னபோது கடைந்தார், நிறுத்தச் சொன்னபோது நிறுத்தினார். சாயந்திரம் தானாகப் போய்ப் போர்வையை இழுத்துச் சரியாக மூடினார். அவள் மணவாளநல்லூருக்குப் போகவில்லை. போவதாகச் சொன்னதை வாபஸ் வாங்கவும் இல்லை. இருக்கட்டும் என்று விட்டுவைத்தாள்.

உருகின கட்டியை யூனிட்டில் உடைத்துக் குழாயடியில் வைத்தார்கள். கை கழுவ ரொம்ப நாள் வந்தது. முதலாளி அந்த முப்பது பிள்ளையாரையும் பற்றிப் பேச்செடுக்கும்போதெல்லாம் கொளஞ்சிநாதன் எழுந்து வெளியே போய்விடுவார்.

சோப்பு அடுக்கி வைத்த இருபது நாளும் அவருக்குத்தான் கஷ்டம். காலையில் எழுந்ததும் அறை வாசலில் வந்து நிற்பார். "இப்ப ஏதாவது செய்யணுமா?" என்று கேட்பார். "ஒண்ணும் செய்யக் கூடாது" என்பாள் அவள். மழை தூறினால் மறுபடியும் வந்து நிற்பார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்துவிட்டுப் போவார். ஒரு நாள் ஆதிலட்சுமி ஒரு சோப்பை எடுத்துக் கட்டை விரலால் அழுத்தப் போனாள். "ஏய், தொடாத!" என்று அவர் போட்ட சத்தத்தில் அவள் தண்ணீர் குடிக்காமலே போய்விட்டாள்.

நிக்காஹ் நல்லபடியாக நடந்தது. நூற்றைம்பது சோப்பும் நூற்றைம்பது சீட்டோடு பைகளில் போய்ச் சேர்ந்தன. மறுநாளே போன் வர ஆரம்பித்தது. சீட்டில் எழுதினது நிஜமா என்று ஒரு பெண் கேட்டாள். செப்டம்பர் பதிமூன்றில் எத்தனை மணிக்குப் பிரிக்க வேண்டும், ராகுகாலம் பார்க்க வேண்டுமா என்று இன்னொருத்தி கேட்டாள். பூங்கோதை எல்லாருக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள். திட்டினவள் ஒரே ஒருத்திதான். கல்யாண வீட்டிலிருந்து ஜுலைகா அக்கா பூங்கோதைக்கென்று கொடுத்தனுப்பிய பையிலிருந்த சோப்பை அன்றைக்கே பிரித்துத் தேய்த்து, நாலே நாளில் கரைந்துபோய்விட்டது என்று சண்டைக்கு வந்தாள். அது ஆதிலட்சுமி.

பதிமூன்றாம் தேதி சனிக்கிழமை. பூங்கோதைக்குக் காலையிலிருந்தே இருப்புக்கொள்ளவில்லை. நூற்றைம்பது பேரில் எத்தனை பேர் பிரிக்காமல் வைத்திருப்பார்கள்? வைத்திருந்தவர்களுக்கும் இன்றைக்கு ஞாபகம் இருக்குமா? ஒன்பது மணி வரை போன் அடிக்கவில்லை. பத்துக்கும் இல்லை. சும்மா உட்கார முடியாமல் புது ஈடு ஒன்று போட உட்கார்ந்தாள். வீட்டுக்காரர் எண்ணெயை அளந்து வைத்தார். காஸ்டிக் தண்ணீரை ஊற்றிக் கடைய ஆரம்பித்து, இனி விட முடியாது என்கிற பதத்தில் போன் அடித்தது. அவள் கையெல்லாம் சோப்புக் கூழ்.

"நீங்க எடுங்க" என்றாள்.

அவர் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். வேப்பூரிலிருந்து ஒரு அம்மா பேசினார். பதிமூன்றாம் தேதி என்று காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தாராம். காலையில் பிரித்துக் குளித்தாராம். நன்றாக இருக்கிறதாம். மருமகள் அதை எடுத்துக்கொண்டு தர மாட்டேன் என்கிறாளாம்.

"எங்க வூட்டுல அடுத்த மாசம் ஒரு விசேஷம். நூறு வேணும். எத்தினி நாள்ல கெடைக்கும்? அதுல என்னா போட்டுச் செய்யறீங்க? ஏன் இத்தினி நாளு வெக்கிறீங்க? சூடு பண்ணிச் சீக்கிரம் குடுக்க முடியாதா?"

பூங்கோதை கடைவதை நிறுத்தாமல் நிமிர்ந்து பார்த்தாள். சூடு பற்றின கேள்வி. அவருக்கென்றே செய்து அனுப்பின கேள்வி. இனி அரைமணி நேரத்துக்கு அந்த அம்மாவால் போனை வைக்க முடியாது என்று நினைத்தாள்.

கொளஞ்சிநாதன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க" என்றார். "அவங்களுக்குத்தான் தெரியும். கை வேலையா இருக்காங்க. இருங்க, வெச்சிடாதீங்க."

சொல்லிவிட்டு, குத்துக்காலிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, போனை அவள் காதருகே பிடித்தார். பூங்கோதைக்குக் கண் கலங்கிவிட்டது. காஸ்டிக் காரம் என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் கண்ணாடி போட்டிருந்தாள்.

"பேசு" என்றார் அவர் மெதுவாக. "காத்திருக்காங்க."

"அம்மா, நாப்பது நாளு ஆவுங்க" என்றாள் பூங்கோதை. "ஒரு நாளு கொறைக்க முடியாதுங்க."

"ஆவட்டும்மா" என்றார் அந்த அம்மா. "விசேஷத்தைத் தள்ளி வெச்சிக்கிறோம்."